மேப்பிள் சிரப் எதிலிருந்து வருகிறது? ஏன் இந்த விலை?

கொங்குச்சமையல்:
அங்காடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புட்டிகள் இருந்தன. இரண்டிலும் மேப்பிள் இலைப் படம், இரண்டிலும் ஒரே பழுப்பு நிறம். ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். குறைந்த விலைப் புட்டியின் பின்பக்கத்தில் சோளப் பாகு, நிறமி, சுவையூட்டி என்று நீளமான பட்டியல். மற்றதில் ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருந்தது. மரத்திலிருந்து எடுப்பது என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து? பழமா, பட்டையா, பிசினா? விலைக்கு ஏற்ற பொருள்தானா என்பதை, அது உருவாகும் இடத்துக்கு அருகில் வாழ்பவர்கள் சொல்ல வேண்டும்.

பனிக்காட்டான் (ஒன்ராறியோ):
அக்கா, பழமும் அல்ல, பிசினும் அல்ல. அடிமரத்துக்குள் இருக்கும் நீர்தான். குளிர்காலம் முடியும் தறுவாயில், மரம் துளிர்ப்பதற்கு முன்பு, தண்டில் ஒரு சிறு துளை போடுவார்கள். ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலம், நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம். அதில் ஒரு சிறு குழாயைச் செருகினால் நீர் சொட்டத் தொடங்கும். பார்வைக்கு வெறும் தண்ணீர், நிறமில்லை, பிசுபிசுப்பில்லை. குடித்தால் இனிப்பு இலேசாகத்தான் தெரியும், ஏனென்றால் அதில் சர்க்கரை 2 சதவீத அளவுதான். அதைக் கொதிக்கவைத்து நீரை வற்றவைத்து, சர்க்கரை 66 சதவீதத்துக்கு ஏறியதும் இறக்கினால் மேப்பிள் சிரப். வேறெதுவும் கலப்பதில்லை. உங்கள் புட்டியில் ஒரே ஒரு பொருள் எழுதியிருப்பது அதனால்தான்.

விலையின் முதல் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பாகு காய்ச்சுபவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. 86 என்ற எண்ணை நீரிலுள்ள சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் நீர் தேவை என்று தெரிந்துவிடும். 2 சதவீத நீரென்றால் 43 லிட்டர். 3 சதவீதம் தரும் அருமையான மரமென்றால் 29 லிட்டர். பேச்சுவழக்கில் எல்லோரும் நாற்பதுக்கு ஒன்று என்பார்கள். வாளி தொங்கவிடும் பழைய முறையில் ஒரு துளையிலிருந்து பருவம் முழுவதும் கிடைப்பதே ஏறத்தாழ நாற்பது லிட்டர்தான். ஒரு துளைக்கு, ஒரு பருவத்துக்கு, ஒரு லிட்டர் பாகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேப்பிளில் பல இனங்கள் உண்டு. பாகுக்குப் பெயர்பெற்றது சர்க்கரை மேப்பிள். கருமேப்பிளும் செம்மேப்பிளும்கூடப் பயன்படும். இவை செழித்து வளர்வது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில். உலக உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் கியூபெக் என்ற ஒரே மாகாணத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் முதலிடம் வெர்மான்ட் மாநிலத்துக்கு. மார்ச் மாதங்களில் இங்குள்ள ஒரு மேப்பிள் தோப்பில் தன்னார்வலராக வேலை செய்கிறேன், கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

உடன்குடியான்:
நாற்பது லிட்டரா! நான் பனைத்தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். எட்டுப் பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி எடுத்துவிடலாம். அதற்கே விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அடுப்பின் முன் நிற்கும் பெண்கள் படும் பாடு பெரும்பாடு. இரண்டு சதவீத நீரை வைத்துக்கொண்டு அவர்கள் எவ்வளவு விறகு எரிக்க வேண்டும்!

இரண்டு சந்தேகங்கள். நாங்கள் பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறோம்; கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மேப்பிள் நீர் புளிக்காதா? இன்னொன்று, ஆண்டுதோறும் துளை போட்டால் மரம் தாங்குமா?

பனிக்காட்டான்:
அண்ணா, சுண்ணாம்பு செய்யும் வேலையை இங்கே குளிர் செய்கிறது. பருவத் தொடக்கத்தில் வாளியின் மேல் பனிக்கட்டி மிதக்கும். அப்போதும் எடுத்த நீரைக் கூடிய விரைவில் காய்ச்சிவிடுவார்கள். நாள் போகப் போக வெயில் ஏறும், நுண்ணுயிர்கள் பெருகும், நீர் இலேசாகக் கலங்கும். அந்த நுண்ணுயிர்கள் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைப்பதால் காய்ச்சும்போது பாகு கூடுதலாகக் கருக்கும். அதனால்தான் முதல் வாரப் பாகு பொன்னிறமாகவும், கடைசி வாரப் பாகு கரும்பழுப்பாகவும் இருக்கிறது.

மரத்தைப் பற்றி: இருபத்தைந்து சென்டிமீட்டர் குறுக்களவை எட்டாத மரத்தைத் தொடமாட்டார்கள். அதற்கே நாற்பது ஆண்டுகள் ஆகலாம். சராசரி மரத்துக்கு ஒரு துளை, பெரிய மரமென்றால் இரண்டு. பருவம் முடிந்ததும் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். காயம்பட்ட கட்டையை மரம் உள்ளேயே தனியாக அடைத்துக்கொண்டு மேலே புதுப் பட்டை வளர்க்கும். அந்தக் கட்டையில் மறுபடி நீர் வராது, ஆகவே அடுத்த ஆண்டு வேறிடத்தில் துளை போட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் நீர் கொடுத்தும் நலமாக நிற்கும் மரங்கள் உண்டு. பேராசைப்பட்டு நாலைந்து துளை போட்டால் எந்த மரமும் நலியும்.

தாவரவியல்_மாணவி:
பனைக்கும் மேப்பிளுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. பாளையில் வடிவது உணவுக் குழாயான புளோயத்தின் சாறு. இலைகள் தயாரித்த சர்க்கரை நேராக அதில் வருகிறது. இனிப்பு மிகுந்திருப்பது அதனால். மேப்பிளில் துளை போடுவது நீர்க் குழாய்களான சைலத்தில். சென்ற கோடையில் இலைகள் உருவாக்கிய உணவு தண்டில் மாவுச்சத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். குளிரில் அது சர்க்கரையாக மாறி நீரில் கரைகிறது.

ஆனால் இலையே இல்லாத மரத்தில், இழுக்க ஆளில்லாமல், நீர் எப்படி வெளியே பாய்கிறது? இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் மேலும் வெப்பம் மாறும்போது மட்டும்தான் பாயும் என்று படித்திருக்கிறேன். தோப்பில் பார்த்தவர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பனிக்காட்டான்:
தங்கச்சி, நீங்கள் படித்தது சரி. மேப்பிளின் கட்டையில் நீர்க் குழாய்களைச் சுற்றியுள்ள நார்களில் நீருக்குப் பதிலாகக் காற்று அடைபட்டிருக்கிறது. இரவு வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போனதும் அந்தக் காற்று சுருங்குகிறது, நார்களின் உட்சுவரில் பனிக்கட்டி படிகிறது. அதனால் ஏற்படும் இழுவையில் வேரிலிருந்து நீர் மேலே ஏறுகிறது. காலையில் வெயில் பட்டதும் பனிக்கட்டி உருகும். நெருக்குண்டிருந்த காற்று விரியும். தண்டுக்குள் அழுத்தம் கூடி, திறந்திருக்கும் துளை வழியாக நீர் வெளியே தள்ளப்படும்.

இரவும் பகலும் குளிர்ந்தே கிடந்தால் ஒரு சொட்டும் வராது. இரண்டும் சூடாகவே இருந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். இரவில் மைனஸ் ஐந்து, பகலில் பிளஸ் ஐந்து என்று இருந்தால் தோப்பு முழுவதும் டப் டப் என்று வாளிச் சத்தம்தான், அந்த நேரத்தில் அங்கே நிற்பதைவிட எனக்கு இன்பமான வேலை வேறில்லை. பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம். மொட்டு பருத்துவிட்டால் நீரின் சுவை கெடும், அத்துடன் பருவம் முடிந்தது. காலநிலை மாற்றத்தைப் பாகு காய்ச்சுபவர்கள் இவ்வளவு கவலையோடு பேசுவது ஏனென்று இதிலிருந்தே புரியும். குளிர்காலம் தடுமாறினால் நேராக அடிபடுவது இந்த ஆறு வாரம்தான்.

மயிலைவாசி:
நான் சுத்த சைவம். மரத்து நீர் என்றாலும், காய்ச்சும்போது பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பனிக்காட்டான்:
பழைய நாளில் உண்மைதான் ஐயா. கொதிக்கும்போது பெரிதாக நுரை பொங்கும். கொழுப்பு பட்டால் நுரை அடங்கிவிடும் என்பதால் பாத்திரத்துக்கு மேலே ஒரு பன்றிக்கொழுப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள், அல்லது துளி வெண்ணெயோ பாலாடையோ விடுவார்கள். இப்போது பெரும்பாலும் தாவர எண்ணெயின் ஓரிரு துளி அல்லது அதற்கென்றே விற்கும் நுரையடக்கி. முழு உறுதி வேண்டுமென்றால் தாவரப் பொருள் மட்டும் என்று அச்சிட்ட புட்டியை வாங்குங்கள்.

உடன்குடியான்:
பதநீர் பொங்கும்போது நாங்கள் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவோம். அதிலும் வேலை செய்வது எண்ணெய்தான். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே உபாயத்தைக் கண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது மனம் நிறைந்துவிட்டது.

மொன்றியல்_குமரன்:
நாற்பது லிட்டர் கணக்கை மட்டும் சொல்லி விலையை விளக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று பெரிய தோப்புகளில் வாளியே கிடையாது. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது, வெற்றிடப் பம்பு நீரை இழுக்கிறது. சவ்வூடு வடிகட்டும் இயந்திரம், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்ட நீரைப் பிரித்துவிடுகிறது. எரிபொருள் செலவு பெருமளவு குறைந்துவிட்டது.

விலையைப் பிடித்து நிறுத்துவது கியூபெக் மேப்பிள் உற்பத்தியாளர் சங்கம். பீப்பாய்க் கணக்கில் விற்கும் பாகு முழுவதும் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். 2004 முதல் ஒவ்வொருவருக்கும் உற்பத்தி ஒதுக்கீடு உண்டு. அதற்கு மேல் எடுத்த பாகு சங்கத்தின் சேமக் கிடங்கில் காத்திருக்கும். விற்கும்வரை பணம் வராது. சொந்த மரம், சொந்த உழைப்பு, ஆனால் யாருக்கு விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. இதை எதிர்த்து வழக்காடிய விவசாயிகளின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது.

பனிக்காட்டான்:
குமரன் அண்ணா, நீங்கள் சொன்ன விவரங்களை மறுக்கவில்லை. முடிவில்தான் வேறுபடுகிறேன். இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் நல்ல விளைச்சல் வந்தால் விலை சரியும், சிறு விவசாயி தோப்பையே கைவிடுவான். 2021இல் விளைச்சல் குறைந்தது, உலகெங்கும் தேவை கூடியது. அப்போது கிடங்கிலிருந்து ஏறத்தாழ 5 கோடி பவுண்டு பாகை வெளியே விட்டார்கள். அடுத்த ஆண்டே மகசூல் பெருகி 21 கோடி பவுண்டைத் தாண்டியது. ஒரு வசந்தத்துக்கும் மறு வசந்தத்துக்கும் இப்படி ஏறி இறங்கும் பயிருக்குச் சேமிப்பு இல்லாவிட்டால், நட்டத்தைத் தாங்குவது வணிகரா, மரத்தடியில் நிற்பவரா? தோப்புக்கு வரும் வாடிக்கையாளருக்குச் சிறு கலன்களில் நேரடியாக விற்க எவருக்கும் தடையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மொன்றியல்_குமரன்:
சிறு கலன் விற்பனையை நம்பி நகரத்துக்கு அருகில் உள்ளவர்கள் பிழைக்கலாம். நாலு மணி நேரம் தள்ளிக் காட்டுக்குள் இருப்பவர்? சேமக் கிடங்கு தேவை என்பதை ஏற்கிறேன், அதற்காக எல்லோரையும் ஒரே வாசல் வழியாக நடத்துவதை ஏற்க முடியாது.

அந்தக் கிடங்குக் களவையும் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2011இலும் 2012இலும் செயின்ட் லூயி டி பிளான்ஃபோர்ட் என்ற ஊரில் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கிலிருந்து ஏறத்தாழ 3000 டன் பாகு சிறிது சிறிதாகக் களவுபோனது. மதிப்பு ஒரு கோடியே எண்பது இலட்சம் டொலருக்கும் மேல். பாகை எடுத்துவிட்டுப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். இருப்புக் கணக்கெடுக்க வந்தபோதுதான் வெளிப்பட்டது. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போய், 2022இல் முக்கியக் குற்றவாளிக்கு 90 இலட்சம் டொலருக்கு மேல் அபராதம் உறுதியானது.

வேணி_உணவியல்:
விலைச் சண்டைக்கு நடுவே உடல்நலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். மேப்பிள் சிரப்பில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, அதிலும் பெரும்பகுதி நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ். ஒரு மேசைக்கரண்டியில் 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். மாங்கனீசும் ரிபோஃபிளேவினும் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன என்பது உண்மை; அதற்காக இதை மருந்தாக ஊற்றிக்கொள்வதில் பொருளில்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக, அதே கட்டுப்பாட்டோடு, சுவைக்காகச் சாப்பிடுங்கள்.

இன்னொரு செய்தி. குறைந்த விலைப் புட்டியின் மணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயம்! அதிலுள்ள சோடோலோன் என்ற பொருளின் மணம் மேப்பிள் பாகைப் போலவே இருக்கும், எனவே செயற்கை மேப்பிள் சுவையூட்டிகளில் வெந்தயச் சாறு நெடுங்காலமாகச் சேர்கிறது. 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது காற்றில் மேப்பிள் மணம் வீசி, மக்கள் பயந்துபோய் நகராட்சிக்குத் தொலைபேசியில் புகார் சொன்னார்கள். 2009இல் காரணம் தெரிந்தது: ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியில் ஒரு சுவையூட்டித் தொழிற்சாலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது.

கொங்குச்சமையல்:
வெந்தயமா! இப்போது அந்தப் புட்டியின் மணம் ஏன் எனக்குப் பழகியதாகத் தோன்றியது என்று புரிகிறது. சரி, முதன்முதலில் இந்த நீரைக் காய்ச்சிப் பார்க்க யாருக்குத் தோன்றியது?

பனிக்காட்டான்:
இந்தக் கேள்வியை முன்பே யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்தக் காடுகளின் பூர்வகுடிகள் மேப்பிள் நீரை இனிப்பாக்கத் தெரிந்திருந்தார்கள். அனிஷினாபே, ஹோடினோஷோனி, அபெனாக்கி, மிக்மாக் மக்களெல்லாம் இதைத் தங்கள் மரபாகப் போற்றுகிறார்கள். பூர்ச்சை மரப்பட்டையில் கலன் செய்து நீரைச் சேர்த்தார்கள். சுட்ட கற்களை அதில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். இரவில் உறையவிட்டு, மேலே படிந்த பனிக்கட்டியை எடுத்தெறிந்தும் அடர்த்தியாக்கினார்கள். பாகைவிடக் கட்டிச் சர்க்கரைதான் அவர்களுக்கு முக்கியம். கெடாது, எடுத்துச் செல்ல எளிது. அனிஷினாபே மக்கள் வசந்தத்தின் ஒரு மாதத்தையே பாகு காய்ச்சும் மாதம் என்கிறார்கள். அவர்களின் கதையொன்றில், முற்காலத்தில் மரத்திலிருந்து நேராகக் கெட்டிப் பாகே சொட்டியது. மக்கள் வேலையை விட்டு மரத்தடியில் வாயைத் திறந்து படுத்துவிட்டார்கள். அதைக் கண்ட நானபோஜோ என்ற அவர்களின் புராண நாயகர், மரத்தில் தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்துவிட்டாராம். உடன்குடி அண்ணா கேட்ட விறகுக் கணக்குக்கு அவர்களுடைய பதில் இது.

கனடாவின் கொடியில் 1965 முதல் இந்த இலை இருக்கிறது. எல்லாப் புட்டிகளிலும் இருக்கிறது. ஆனால் அறிவைக் கொடுத்தவர்களின் பெயரைப் பெரும்பாலான புட்டிகளில் காணோம். அது எனக்குப் பெரும் வருத்தம்.

வரலாற்றுவழி:
ஒன்றைச் சேர்க்கிறேன். 1790களில் அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் மேப்பிள் சர்க்கரையை ஓர் ஆயுதமாகவே பார்த்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை அடிமைகளின் இரத்தத்தில் விளைந்தது; மேப்பிளோ குடும்பத்தோடு காய்ச்சக்கூடியது. மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1791இல் இதைப் பற்றித் தாமஸ் ஜெஃபர்சனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஜெஃபர்சனும் வர்ஜீனியாவில் தம் பண்ணையில் மேப்பிள் கன்றுகளை நட்டார். அவை தழைக்கவில்லை. அந்தப் பண்ணையில் உழைத்தவர்களும் அடிமைகளே.

அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு யார் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ட்ரூரோ. மேப்பிள் சர்க்கரை தோற்றுக் கரும்பு வென்ற கதையில் நம் முன்னோரும் இருக்கிறார்கள்.

உடன்குடியான்:
இதைப் படித்த பிறகு வெகுநேரம் எதுவும் எழுத வரவில்லை. நன்றி.

கொங்குச்சமையல்:
எல்லோருக்கும் நன்றி. விலை கூடிய புட்டியையே வாங்கிவிட்டேன். அதில் அம்பர் என்று வகை குறித்திருக்கிறது. அது தரத்தில் குறைந்ததா? எங்கள் ஊர் வெயிலில் எப்படி வைத்திருப்பது?

பனிக்காட்டான்:
தரம் குறைந்ததல்ல அக்கா. பொன்னிறம், அம்பர், கருமை, மிகுகருமை என்ற நான்கும் நிறத்தையும் சுவையின் அழுத்தத்தையும் காட்டும் வகைகள், நான்கும் கலப்படமற்றவைதான். தோசைமேல் ஊற்ற அம்பர் பொருத்தம். கேக்கிலோ பாயசத்திலோ சேர்க்கக் கருமையை நான் விரும்புவேன், மற்றப் பொருள்களுக்கு நடுவே சுவை காணாமல் போகாது.

திறக்கும்வரை வெளியே இருக்கலாம். திறந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் மேலே பூஞ்சணம் படரும். உறைபெட்டியில் வைத்தாலும் கல்லாக உறையாது, தயங்காமல் வைக்கலாம்.

உடன்குடியான்:
கடைசியாக ஒன்று. கருப்பட்டி போல இதைக் கட்டியாக்க முடியுமா? என்ன பதம்?

பனிக்காட்டான்:
முடியும் அண்ணா. முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியில் அளவு பாருங்கள். காற்றழுத்தத்துக்கு ஏற்ப அது நாளுக்கு நாள் சற்று மாறும். அதற்கு மேல் நான்கு டிகிரி செல்சியஸ் ஏறினால் பாகுப் பதம், அது உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே மேலும் காய்ச்சி, தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பனியின் மேல் ஊற்றினால் மிட்டாய்போல இழுபடும். கியூபெக்கில் குழந்தைகள் குச்சியில் சுற்றிச் சாப்பிடுவது அதுதான். இருபத்தைந்து டிகிரி ஏறியதும் இறக்கி, விடாமல் கிளறினால் பொலபொலவென்று சர்க்கரையாக உதிரும். கட்டி வேண்டுமென்றால் பதினைந்து டிகிரி அளவில் இறக்கி, சற்று ஆறவிட்டுக் கிளறி, குழம்பாக இருக்கும்போதே அச்சில் ஊற்றுங்கள். அகலமான, உயரமான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள், நுரை மும்மடங்கு எழும்பும். பக்கத்தில் ஒரு துளி எண்ணெய் தயாராக இருக்கட்டும். அச்சில் இறுகாமல் போனால் கொஞ்சம் தண்ணீர் விட்டு மீண்டும் அடுப்பில் ஏற்றலாம்.